புதிய போன் வாங்கும் முன் பழைய போனிடம் கேளுங்கள்

சில மாதங்களுக்கு முன் வயதான அம்மா ஒருவர் தம் போனை என் பழுதுபார்க்கும் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ஆமை மாதிரி நகர்கிறது. இருநூறு மெகாபிக்சல் கேமராவோடு ஒரு போன் வந்திருக்கிறதாமே, அதை வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். இதில் இருக்கும் படங்களை மட்டும் எடுத்துக் கொடுங்கள்."

போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். பின்மூடி ஓர் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. அதைத்தான் முதலில் கழற்றினேன். உப்பிய பேட்டரி அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கக்கூடியது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் நடந்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் பதறும். வேறு பேட்டரி போட்டு சேமிப்பகத்தைப் பார்த்தால், 64 ஜிபியில் 61 நிரம்பிக் கிடந்தது. பெரும்பகுதி வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த வீடியோக்கள். கேமராவில் எந்தக் குறையும் இல்லை.

பல ஆண்டுகளாக போன்களைப் பிரித்துச் சரிசெய்கிறேன். மெகாபிக்சல் போதவில்லை என்று ஒருவர்கூட இதுவரை போனைக் கொண்டுவந்ததில்லை. பேட்டரி தளர்ந்தது, இடம் நிரம்பியது, திரை உடைந்தது, தண்ணீர் புகுந்தது என்றுதான் வருகிறார்கள். விளம்பரம் பேசும் விஷயங்களும் போனின் ஆயுளைத் தீர்மானிக்கும் விஷயங்களும் வேறு வேறு. அதனால்தான் போன் வாங்கப் போகிறேன் என்பவர்களிடம், முதலில் கையிலிருக்கும் பழைய போனோடு அரை மணி நேரம் உட்காருங்கள் என்கிறேன். அமைப்புகளுக்குள் போனால் எந்தச் செயலி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, எது பேட்டரியைத் தின்கிறது, ஒரு நாளில் எதில் எத்தனை மணி நேரம் போகிறது எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் தேவையின் பட்டியல் அங்கேயே இருக்கிறது.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், அதைச் சேமிப்பகத்தில் போடுங்கள். இன்று பல போன்களில் மெமரி கார்டு போடும் இடமே இல்லை. வாங்கும்போது எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். அளவோடு வகையையும் கேளுங்கள். விலை குறைந்த போன்களில் இஎம்எம்சி என்ற பழைய வகை சேமிப்பகம் இன்னும் வருகிறது. அந்த வகையால் ஒரே நேரத்தில் தகவலைப் படிக்கவும் எழுதவும் முடியாது. அதைவிடப் புதிய யுஎஃப்எஸ் வகை இரண்டையும் சேர்ந்தே செய்யும். வேகத்தில் பழையது நொடிக்குச் சில நூறு மெகாபைட் என்றால், யுஎஃப்எஸ் 3.1 ஏறக்குறைய 2,000 மெகாபைட்டைத் தொடும். ஒரு செயலி புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது போன் திக்கித் திணறுவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். பழியை மட்டும் பிராசசர் சுமக்கிறது.

செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகமான ரேமிலும் ஒரு மயக்கம் உண்டு. "8+8 ஜிபி" என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும். இரண்டாவது எட்டு ரேமே அல்ல. சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். உண்மையான ரேமின் வேகம் அதற்கு ஒருபோதும் வராது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பேட்டரி தேயும் பொருள். முழு அளவு சார்ஜ் ஒருமுறை தீர்ந்தால் அது ஒரு சுற்று. இன்று பாதி, நாளை பாதி தீர்ந்தாலும் சேர்த்து ஒரு சுற்றுதான். 500 முதல் 1,000 சுற்றுகளுக்குள் கொள்ளளவு 80 சதவீத அளவுக்கு இறங்குவது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களில், 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதம் நிற்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. எனவே, இத்தனை மில்லி ஆம்பியர் மணி என்ற கொள்ளளவு எண்ணோடு, எத்தனை சுற்றுகள் தாங்கும் என்பதையும் கேட்கலாம். பல நிறுவனங்கள் இப்போது வெளிப்படையாகச் சொல்கின்றன. இந்த மாடலுக்கு அசல் பேட்டரியும் திரையும் கிடைக்கின்றனவா, மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் விசாரித்துவிடுங்கள். ஓரம் வளைந்த திரை பார்க்க அழகு. உடைந்து வரும்போது தொகையைக் கேட்டு முகம் வாடாதவர்களை நான் பார்த்ததில்லை.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது பாதுகாப்பு அப்டேட். போன் நன்றாகவே ஓடும், வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் அப்டேட் நின்ற பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. நம் வங்கிக் கணக்கு முழுக்க அந்தப் போனுக்குள் இருக்கும் காலம் இது. கூகுள் 2023இல் பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தன. எல்லாப் போன்களுக்கும் இது கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆண்டுக் கணக்கு பொதுவாக மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால், அதன் ஆயுளில் இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அது நல்லதும்கூட. ஒளியைப் பதியும் சென்சாரின் அளவும், கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸே அசைந்துகொடுக்கும் வசதியும்தான் படத்தில் தெரியும். மிக அருகில் படமெடுக்க என்று தரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் பெரும்பாலும் கேமராக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டத்தான். கடையின் பளீர் விளக்கில் படம் எடுத்துப் பார்த்து மயங்காதீர்கள். மங்கலான மூலையில், நகர்ந்துகொண்டிருக்கும் ஒருவரை எடுத்துப் பாருங்கள்.

தூசியும் தண்ணீரும் தாங்கும் அளவைச் சொல்லும் ஐபி68 என்ற முத்திரையை நம்பி ஓர் இளைஞர் போனைச் சோப்பு போட்டுக் குழாயடியில் கழுவியிருந்தார். திரைக்குள் மூச்சுக்காற்று படிந்ததுபோல் ஈரம். அந்த 6 தூசிக்கு. 8 என்பது ஒரு மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், நிறுவனம் சொன்ன நேரம்வரை, சுத்தமான நல்ல தண்ணீரில் செய்த சோதனைக்கு. சோப்பு நீரும் கடல்நீரும் அந்தச் சோதனையில் இல்லை. ஓரங்களை அடைத்திருக்கும் பசையும் நாளடைவில் தளரும். ஒருமுறை பிரித்த போனுக்குப் பழைய காப்பு அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீர் புகுந்த பழுதைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதும் இல்லை.

பெரியவர்களுக்கு வாங்குபவர்கள் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கைரேகை உணரி பல நேரம் அடையாளம் காணாது. பத்து முறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "என் கை சரியில்லை தம்பி" என்று தம்மையே குறை சொல்லிக்கொண்ட ஒரு தாத்தாவை என்னால் மறக்க முடியவில்லை. கையில் குறை இல்லை, போன்தான் அவருக்குப் பொருந்தவில்லை. ஸ்பீக்கர் சத்தம், எழுத்தைப் பெரிதாக்கினாலும் குலையாத திரை அமைப்பு, வெயிலில் தெரியும் வெளிச்சம் ஆகிய மூன்றையும் அவர்கள் கையில் கொடுத்தே சோதியுங்கள்.

அந்த அம்மாவின் போனில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆக, அவருக்குப் புதிய போன் உண்மையிலேயே தேவைப்பட்டது, அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல. 256 ஜிபியும் நீண்ட கால அப்டேட்டும் உள்ள ஒரு நடுத்தரப் போனை வாங்கினார். பழையதை அன்றே அழித்துவிடச் சொன்னார். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். உரையாடல்கள் எல்லாம் வந்துவிட்டனவா, வங்கிச் செயலி புதியதில் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். கணக்கு உள்ளேயே இருந்தால், அடுத்து எடுப்பவரிடம் அந்தப் போன் பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும்.