பொண்டிங்: பிணைப்பா, திரட்டலா?

திருகோணமலை என்.சி. வீதிக் கடையொன்றில் ஓர் அறிவிப்பு: "இரட்டை இணையப் பிணைப்பு, இரு மடங்கு வேகம்." உப்புவெளியில் கலியாண வீடியோ எடிட் செய்யும் என் மருமகன் அதை நம்பி இரண்டு சிம் போடும் ரவுட்டரை வாங்கினான். பெரிய கோப்பொன்றை ஏற்றிப் பார்த்தால் பழைய வேகம்தான். நான் போய்க் கேட்டேன். "பிணைச்சுத்தானே அண்ணை தந்தனாங்கள்" என்றார் கடைக்காரர்.

பொண்டிங் என்றால் பல இணைய இணைப்புகளை ஒரே இணைப்பாக இயக்குவது. ஆங்கிலத்தில் பொண்ட் என்றால் கட்டு. கட்டினால் பிணை, ஆகவே பிணைப்பு. மொழிபெயர்த்தவர் அகராதியை இதோடு மூடிவிட்டார்.

ஆனால் இந்த நாட்டில் பிணை என்றதும் காதில் விழுவது நீதவான் நீதிமன்றம். 2015க்குப் பிறகு மத்திய வங்கிப் பிணைமுறி (கடன் பத்திரம்) மோசடியும் சேர்ந்துகொண்டது. வயல்காரரைக் கேட்டால் சூடு மிதிக்கப் பிணைத்துவிட்ட மாடுகளைச் சொல்வார். அதில் சோம்பல் மாட்டின் நடைதான் எல்லாவற்றுக்கும் நடை. வேகம் கூட்டுகிற சங்கதிக்கு இதுவா பெயர்? (மோசமாகச் செய்த பொண்டிங்குக்கு வேண்டுமானால் பொருந்தும்.) 'இணைப்புகளின் இணைப்பு' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஒரே கோப்பு துண்டு துண்டாக இரண்டு வழியிலும் போகிறது. மறுமுனையில் ஒரு சேர்வர் அவற்றை வரிசைப்படுத்தித் திரட்டுகிறது. 1996இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1990 என்ற எண்ணுடைய இணையத் தரநிலை ஆவணம் சொல்வதும் இதையே. தொலைபேசிக் கம்பிவழி டிஜிட்டல் இணைப்பான ஐஎஸ்டிஎன் காலத்தில் 64 கிலோபிற் வழி இரண்டு சேர்ந்து 128 ஆனதும் துண்டுகளுக்கு எண் போட்டு அந்தப் பக்கம் திரட்டியதால்தான்.

திரட்ட ஆளில்லாவிட்டால் அது வெறும் சுமைப் பகிர்வு. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. அதற்காக ஒருவருடைய வாளி ஏழு மடங்கு விரைவாக நிரம்பாது. ஏழு பேர் ஒரே நேரத்தில் அள்ளலாம், அவ்வளவுதான். மருமகனுக்கு விற்றது அதைத்தான்.

ஆகவே என் சொல் 'இணைப்புத் திரட்டல்'. எங்கே, யார் திரட்டுகிறார்கள் என்று வாங்குகிறவர் கேட்க அந்தச் சொல்லே இடம் தருகிறது. பிணைப்பு அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. அது நிதி திரட்டலோடு குழம்பும் என்பார்கள் சிலர். வலைப்பதிவுக் காலத்தில் பல பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தளத்தைத் 'திரட்டி' என்று சொன்னபோது யாராவது உண்டியல் தூக்கிக்கொண்டு வந்தார்களா? சொல்லை வைத்து வேலையை விளங்கிக்கொள்ளாமல், சொல்லுக்குச் சொல் போட்டுக் காசு வாங்குகிற மொழிபெயர்ப்பாளரை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. போன கிழமை பிரவுசர் தானாகத் தமிழாக்கிய ரவுட்டர் கையேட்டில் 'பிணைமுறி வேகம்' என்றே வந்தது.

மருமகன் இப்போது மறுமுனைச் சேர்வர் ஒன்றுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறான். அது நின்றால் வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான், ஆனால் வேகம் கூடியிருக்கிறது. கடையில் அறிவிப்பு மாறிவிட்டது: மூன்று சிம், மும்மடங்குப் பிணைப்பு.