62 வேணும் என்று கேட்டு வராதீர்கள்

போன வாரம் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வலது உள்ளங்கையில் கட்டு. இடது கையில் துண்டில் சுற்றிய கத்தி, இரண்டு துண்டாக. சிலம்பம் கற்றுக்கொள்கிறவர். நாலு மாதம் உட்கார்ந்து தானே ராவி, தானே பிடி போட்ட சண்டைக்கத்தி அது. மூங்கில் கழியை வெட்டிப் பார்த்திருக்கிறார். மூன்றாவது வெட்டில் பிடிக்குப் பக்கத்தில் முறிந்து, கழன்ற அலகு திரும்பி வந்து கையைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல்.

"அண்ணா, வெல்டு வச்சு மறுபடி டெம்பர் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டார். டெம்பர் என்றால், சூட்டோடு முக்கிக் கடினமாக்கிய இரும்பை மறுபடி மிதமாகச் சூடேற்றி, முறியும் குணத்தைக் குறைப்பது.

பெங்களூரு பீன்யாவில், இரும்பைச் சூடேற்றிக் குளிர வைத்துக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். கியர், டை, ஷாஃப்ட் இவைதான் எங்கள் சோறு. கத்தி செய்கிற பிள்ளைகள் சனிக்கிழமை ஒன்றிரண்டு அலகோடு வருவார்கள். மற்ற சரக்கோடு சேர்த்துப் போட்டுக்கொடுப்போம். இந்த வருடம் உடைந்து வந்ததில் இது நாலாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

உடைந்த முகத்தைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். தம்பியின் கத்தியில் ஒரு ஓரம் மட்டும் கறுப்பாக இருந்தது, மீதி பளிச்சென்று. கறுப்பு ஓரம் என்றால் அந்த விரிசல் மூங்கிலில் வந்ததில்லை. உலையிலிருந்து எடுத்து எண்ணெயில் முக்கியபோதே வந்தது. சூட்டிலும் எண்ணெயிலும் கறுத்திருக்கிறது. நாலு மாதமும் விரிசல் விட்ட கத்தியைத்தான் மெருகு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பளிச்சென்ற பகுதியும் சரியில்லை, சர்க்கரை மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. அளவுக்கு மேல் சூடேற்றினால் அப்படித்தான் ஆகும். நல்ல முறிவு என்றால் சாம்பல் நிறத்தில் பட்டுத்துணி போல இருக்க வேண்டும்.

விரிசல் எங்கே ஆரம்பித்திருந்தது தெரியுமா? அலகு முடிந்து, பிடிக்குள் போகும் வால் ஆரம்பிக்கிற இடத்தில். அங்கே 90 டிகிரிக்குச் சதுரமாக வெட்டியிருந்தார், பார்க்க அழகாக இருக்கும் என்று. உள்மூலை அத்தனை கூராக இருந்தால் அடியின் விசை முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து குவியும். துணியைக் கிழிக்கிறதற்கு முன்னால் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக வெட்டுப் போடுவோமே, அதே கதைதான்.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டுவது 62.

வருகிற எல்லோரும் கேட்பது இதுதான். "அண்ணா, 62 வரணும். முடிஞ்சா 64." எச்ஆர்சி என்கிற கடினத்தன்மை எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மெஷின் செய்வது ஒன்றே ஒன்று. ஒரு வைரக் கூம்பை 150 கிலோ சுமையில் இரும்பின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கும். பள்ளம் விழாமல் எவ்வளவு எதிர்க்கிறது என்பதுதான் அந்த எண். அடித்தால் தாங்குமா, வளைத்தால் திரும்புமா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. பச்சை அப்பளம் வளையும், பொரித்த அப்பளம் நொறுங்கும். இரண்டில் எது கடினம்? பொரித்ததுதான். அதை வைத்து யாராவது அடியைத் தடுப்பார்களா?

தர்மபுரிப் பக்கம் என் அப்பா பட்டறை வைத்திருந்தார். அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும்போது வெட்டும் ஓரமான வாயை மட்டும்தான் தண்ணீரில் காட்டுவார், முதுகைக் காட்டமாட்டார். வாய் வெட்டணும், முதுகு தாங்கணும், அவ்வளவுதான் அவர் படித்த உலோகவியல். நேபாளத்தில் குக்ரி என்ற வளைந்த கத்தி செய்கிறவர்கள் கெண்டியிலிருந்து தண்ணீரை வாய் ஓரமாக மட்டும் ஊற்றுவதும் இதற்குத்தான்.

மெல்லிய சமையல் கத்திக்கு 62 சரி. தக்காளி திருப்பி அடிப்பதில்லை. சண்டைக்கத்தியின் கதை வேறு. அது குத்தினால் பக்கவாட்டில் திருகும், எங்காவது மோதும், கீழே விழும். 1942ல் அமெரிக்க மரைன் படை எடுத்துக்கொண்ட 7 அங்குலக் கத்தி, இன்று கா-பார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, இப்போதும் 56 முதல் 58 வரைதான் வருகிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்கு வந்த ஃபேர்பர்ன்–சைக்ஸ் குத்துவாள் ஊசி மாதிரி ஒல்லி. குத்துவதற்கென்றே செய்தது, எதையாவது நெம்பினால் முனை போய்விடும். இரண்டும் புகழ்பெற்றவை. இரண்டின் வரைபடமும் ஒரு வேலையை மனதில் வைத்துப் போட்டது. உங்கள் வரைபடம் எந்த வேலைக்கு என்று கேட்டால் பாதிப் பேர் போனில் ஒரு போட்டோ காட்டுகிறார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் பிடிவாதமாகக் கேட்டார் என்று இருபக்க வாய் வைத்த அலகை 62க்குப் போட்டுக்கொடுத்தேன். மேஜையிலிருந்து தரையில் விழுந்து முனை இரண்டு அங்குலம் போயிற்று. அதற்கப்புறம் எவ்வளவு கேட்டாலும் சண்டைக்கத்திக்கு 58க்கு மேல் போடுவதில்லை.

இன்னொன்று, அலகின் நடுவில் இருக்கும் பள்ளம். 'ரத்தம் வழிய' என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். எடை குறைக்கத்தான் ஐயா அது.

சரி, செய்ய வேண்டியவை. லாரி கமான் பட்டையைப் பழைய சாமான் சந்தையான குஜிலியில் வாங்கி அடிப்பது உங்கள் இஷ்டம். ஆனால் பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், நாலு மாத உழைப்பை அதில் போடாதீர்கள். புதுப் பட்டையாக, எந்த ரகம் என்று தெரிந்து வாங்குங்கள். ஈஎன் 31 ரக எஃகைத் தண்ணீரில் முக்காதீர்கள், எண்ணெய்தான். முக்கும்போது 'டிங்' என்று சத்தம் கேட்டால் விரிசல்தான், அந்த அலகை அங்கேயே தூக்கிப் போடுங்கள், வெல்டு வைக்கலாமா என்று என்னிடம் கேட்கவே கேட்காதீர்கள். முக்கி எடுத்ததும் டெம்பர், மறுநாள் இல்லை, அன்றே. இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை. வாலின் உள்மூலையில் குறைந்தது 3 மில்லிமீட்டர் வளைவு. ஒல்லி வாலில் போல்ட்டை வெல்டு வைத்து நீட்டுவது வேண்டவே வேண்டாம். பிடி உருண்டையாக இருந்தால் இருட்டில் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. முட்டை வடிவத்தில் வையுங்கள். விரல் அலகுக்கு வழுக்காமல் தடுக்கும் கைக்காப்பு இல்லாத குத்துக்கத்தியில் முதலில் வெட்டுப்படுவது பிடித்திருக்கிறவனின் விரல்.

மெருகு போடும் பஃபிங் மெஷினைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கத்திப் பட்டறையில் கிரைண்டரைவிட அதுதான் பொல்லாதது. சக்கரம் மேலிருந்து உங்களை நோக்கிச் சுற்றும். அலகின் மேல் ஓரத்தைக் காட்டினால் பிடுங்கி உங்கள் வயிற்றுக்கே எறியும். இருபக்கமும் வாய் இருந்தால் காட்டுவதற்குப் பத்திரமான ஓரமே கிடையாது. அப்படிப்பட்ட அலகை கையாலேயே எமரி காகிதம் போட்டுத் தேயுங்கள். இரண்டு நாள் கூடுதலாகும், ஆகட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ அல்லாத கத்தி ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். அந்த அளவுக்குப் போவதற்கு முன்னால் வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். சின்னதாக இருந்தாலும் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறப் பார்க்காதீர்கள்.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லி, ராவுவதற்கு முன்னால் காகிதத்தில் வரைந்துகொண்டு வரச் சொன்னேன். நேற்றுக் கட்டுக்கையோடு வந்தார். கைக்காப்பு இருந்தது, முட்டைப் பிடி இருந்தது, ஓரத்தில் '57' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். வாலைப் பார்த்தேன். அதே சதுர மூலை. ஒன்றும் சொல்லாமல் மேஜை டிராயரிலிருந்து ஒரு உருட்டு அரத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன்.