ஒன்றரைக் கிலோமீற்றரில் ஒரு மலையக டவுன்

மலையக டவுன் ஒன்றில் மரபு நடையை, அதாவது பழைய இடங்களின் கதையைச் சொல்லிக்கொண்டே பார்வையாளரை நடத்திக் கூட்டிப்போவதை, எப்படி ஒழுங்கு செய்வது என்பது பற்றியது இது. மலைநாட்டில் பழைமை என்றதும் எல்லோரும் கைகாட்டுவது கண்டி தலதா மாளிகையையும் நுவரெலியாவின் செங்கல் தபாலகத்தையும்தான். ஹட்டன், மாத்தளை, நாவலப்பிட்டி கடைத்தெருக்களைச் சாமான் வாங்கும் இடமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதையே புராதனச் சின்னம் என்கிறது. பிந்தியது எதுவானாலும் தனி உத்தரவு வேண்டும். கோப்பிக்காட்டு வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து நம்மவர்கள் வந்ததே அந்தத் தேதிக்குப் பிறகுதான். ஆகவே நம்முடையது என்று சொல்லக்கூடிய ஏறக்குறைய எல்லாமே அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. மரபு நடையை ஒழுங்கு செய்பவர்கள் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும். இங்கே பார்வையாளருக்கு வழிகாட்ட அறிவிப்புப் பலகையும் இல்லை, பாதுகாப்பு வேலியும் இல்லை.

பாதை ஒன்றரைக் கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. ஆறு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம். நடையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம். மேட்டில் தொடங்கி இறக்கத்தில் முடித்தால் வயதானவர்களும் வருவார்கள். பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். நடைபாதை ஒடுக்கம், பின்னால் நிற்பவருக்கு பஸ் ஹோர்ன்தான் கேட்கும். காலை ஏழரைக்குத் தொடங்குவது நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் ஆனால் இடிமழைதான். தோட்டத்தில் சம்பளம் போடும் பத்தாம் தேதியையும் அதை அடுத்த ஞாயிறையும் தவிருங்கள், டவுனில் கால் வைக்க இடமிருக்காது. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் கூட்டம் என்பதால் ஹட்டன் ஸ்டேஷன் பக்கம் காலையிலேயே நெரிசல்.

நிறுத்தங்களைத் தேர்வதற்கு ஒரே ஒரு சோதனை: அந்த இடத்தில் நின்றால் என்ன நடந்தது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஹட்டன் ஸ்டேஷனுக்கு ரயில்பாதை வந்தது 1884இல். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் நம்மவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்த பிறகு, மூட்டை முடிச்சோடு ஆட்கள் கோச்சி ஏறியது இது போன்ற மேடைகளில்தான். அங்கே நின்று அதைச் சொன்னால் போதும், விளக்கப் படம் தேவையில்லை. மேடைக்குள் போக ஸ்டேஷன் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோவில். 108 அடி இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் மாத்தளை என்பதும், 1983இல் இந்தக் கோவில் எரிக்கப்பட்டது என்பதும் அங்கேயே சொல்லப்பட வேண்டியவை. 2023இல் தலைமன்னாரிலிருந்து நடைபயணம் போனவர்கள் மாத்தளையில் வந்து முடித்ததற்கும் அந்தப் பழைய வழிதான் காரணம்.

வாய்மொழித் தகவலை அப்படியே பேச்சில் ஏற்றாதீர்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பெரியவர்கள் சொல்ல வேண்டும், கூடவே எழுத்தில் ஒரு சான்றும் வேண்டும். கோவில் மணி, குத்துவிளக்கு, படிக்கல் ஆகியவற்றில் ‘உபயம்’ என்று ஆள் பெயரும் தோட்டத்தின் பெயரும் பொறித்திருப்பார்கள். பெயின்ட் மூடிய எழுத்தைச் சுரண்டவோ மாவு தேய்க்கவோ வேண்டாம், கல் பாழாகும். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழலில் எழுத்து எழும்பி நிற்கும்.

கலைஞர் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தப்பு என்ற தோல்பறையை அடிக்கும் கலைஞரைக் கூப்பிட்டு “ஏதாவது அடிங்கண்ணே” என்பார்கள். தப்பில் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. அந்தக் காலத்தில் விடியலில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஆள் எழுப்பவும் தப்புத்தான். கோவில் வாசலில் சாவுக்கான அடியை அடித்தால் வேறு வினையே வேண்டாம். எந்த நிறுத்தத்தில் எந்த அடி என்று அவரோடு முதல் நாளே பாதையை நடந்து பார்த்துத் தீர்மானியுங்கள். பனிமூட்டத்தில் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும், காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். டவுனில் நெருப்பு மூட்ட எல்லா இடத்திலும் விடமாட்டார்கள் என்பதால், காய்ச்ச வசதியுள்ள இடத்தையே முதல் நிறுத்தமாக்கினால் சிக்கல் இல்லை. சாதி அவமானத்தை நினைத்துத் தப்பைக் கைவிட்டவர்களும் உண்டு. வரமாட்டேன் என்றால் வற்புறுத்தக் கூடாது.

மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்தை ஆடுபவர்களை வேறு மாதத்தில் வேஷம் கட்டச் சொல்வது எங்களுக்கு உடன்பாடில்லை. அது மாசியில் விரதம் இருந்து ஆடுவது. ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லலாம், இரண்டு அடி பாடச் சொல்லலாம், அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஓவியம் என்றால் சுவரைத்தான் தேடுகிறார்கள். பழைய கடைகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் இமல்ஷன் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, ஒரு மழைக்காலத்தில் சோறு பொங்கினாற்போல் கொப்புளிக்கும். பெயின்ட் உரியும்போது சாந்தும் சேர்ந்து வரும். தகரத்தில் எனமல் பெயின்டால் வரைந்து, பின்பக்கமும் ஒரு பூச்சுக் கொடுத்து, சுவருக்கும் தகரத்துக்கும் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) மேல் பொருத்துங்கள். காற்றுப் போகும், வேண்டாதபோது கழற்றலாம். இதற்குத் தலைநகரிலிருந்து ஓவியர் வர வேண்டியதில்லை. கடைப் போர்ட் எழுதிப் பழகிய, டிஜிட்டல் பனர் வந்து வேலை குறைந்த ஆள் அநேகமாக அதே தெருவில் இருப்பார். இடிக்கப்பட்ட கடையின் முகப்பு எப்படி இருந்தது என்பதும் அவருக்குத்தான் நினைவிருக்கும். நகர சபை அனுமதியையும் கட்டட உரிமையாளர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் கூட்டிப் போகாதீர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா (அறை) இன்னமும் குடும்பங்கள் சமைத்து உறங்கும் வீடு. அதன் அளவை டவுனிலேயே ஒரு வெற்றிடத்தில் சோக்கினால் தரையில் கோடு போட்டு, பதினைந்து பேரையும் உள்ளே நிற்கச் சொல்லுங்கள்.

வேலை நாளில் வரும் கலைஞருக்குத் தோட்டத்தில் அன்றைக்குப் பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழாது. ஒன்றரை மணி நேரம்தானே என்று அரைப் பேர்க் கணக்குப் பார்க்கக் கூடாது. முழுப் பேர்ச் சம்பளம், அதற்கு மேல் கலைக்கான தொகை, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் அன்றே கையில் சேர வேண்டும். பொன்னாடையை வைத்து அடுப்பெரிக்க முடியாது. நடையை பஸ் ஸ்டாண்ட் அருகே முடியுங்கள். தோட்டத்துக்குப் போகும் மத்தியான பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது பல இடங்களில் சாயங்காலம்தான்.