நெடுகுலிம்க்: ஒரு மிக்மாக் சொல்லும் அதற்கான தமிழும்

கனடாவின் அட்லாண்டிக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணம் 2021-இல் ஒரு சுற்றுச்சூழல், காலநிலைச் சட்டம் இயற்றியது. அரசு எந்தக் கோட்பாடுகளின் வழியே நடக்க வேண்டும் என்று அது சொல்லுமிடத்தில் ஆங்கிலம் அல்லாத ஒரு சொல் நிற்கிறது: நெடுகுலிம்க். 2019-இல் வந்த முந்தைய சட்டத்திலும் இது இருந்தது. அந்த மண்ணின் முதற்குடிகளான மிக்மாக் மக்களின் சொல் இது. தமிழில் எழுத உட்காரும் எவருக்கும் முதலில் கைக்கு வருவது 'நீடித்த வளர்ச்சி' என்ற தொடர்தான். இலங்கையில் என்றால் 'நிலைபேறான அபிவிருத்தி'. இரண்டுமே பொருந்தாது என்பது என் கருத்து. இந்தச் சொல்லுக்குள் வளர்ச்சி என்ற எண்ணமே இல்லை.

முதலில் ஒலிப்பு. மிக்மாக் மொழியில் வல்லெழுத்து இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் மெலிந்து ஒலிக்கும். 'குடம்', 'அகம்' என்று எழுதிவிட்டு நாம் எப்படி வாசிக்கிறோமோ அப்படியே. அதனால் தமிழ் எழுத்தில் இந்தச் சொல் அதிகச் சிதைவின்றி அமர்கிறது. இறுதியில் வரும் 'ம்க்' மட்டும் நம் நாவுக்குச் சற்றுப் புதிது. மக்களின் பெயரிலும் ஒரு நுணுக்கம் உண்டு: மிக்மாக் என்பது பன்மை, ஒருமைக்கும் அடைமொழிக்கும் மிக்மாவ். பழைய நூல்களில் காணும் 'மிக்மேக்' வடிவத்தை அவர்கள் இப்போது விரும்புவதில்லை. தங்களுக்குள் அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெயர் ல்னூ, மனிதர் என்று பொருள். அவர்களுடைய நிலம் மிக்மாகி. நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூ பிரன்ஸ்விக்கின் ஒரு பகுதி, கியூபெக்கின் காஸ்பே தீபகற்பம் எல்லாம் அதில் அடங்கும்.

இனி இலக்கணம். அல்கோங்கியக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மொழி வினைச்சொல்லைச் சுற்றியே இயங்குவது. 'நெடுகுலிட்' என்றால் ஒருவர் தம் பிழைப்புக்கு வேண்டியதைத் தேடிக்கொள்கிறார் என்று பொருள். வேட்டையும் அதில் சேரும், மீன்பிடிப்பும் சேரும். 'இட்' நின்ற இடத்தில் 'இம்க்' வந்தால் யார் என்ற குறிப்பு போய்விடும். செயல் மட்டும் நிற்கும். நம் தொழிற்பெயரும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது: தேடுகிறான், தேடுதல். ஆக, நெடுகுலிம்க் என்பது பொருளின் பெயரோ கொள்கையின் பெயரோ அன்று, ஒரு செயல். இதை மறந்துவிட்டால் மொழிபெயர்ப்பு தடம் மாறிவிடும்.

கேப் பிரெட்டன் தீவின் எஸ்கசோனியில் 1999-இல் தொடங்கிய உனமாகி இயற்கை வள நிறுவனம் இச்சொல்லுக்கு ஒரு வரையறையை முன்வைத்துவருகிறது. 2021 சட்டத்திலும் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. படைத்தவன் அருளிய இயற்கை வளத்தைத் தனி மனிதரும் ஊராரும் தங்கள் பிழைப்புக்கும் நலத்துக்கும் பயன்படுத்துவது என்பது அதன் முன்பாதி. சூழலின் முழுமையும் பன்மையும் விளைதிறனும் குலையாமல் ஊருக்குப் போதிய உணவும் பொருளாதார நலமும் பெறுவது என்பது பின்பாதி. பின்பாதியில் ஐ.நா. அறிக்கைகளின் வாடை கொஞ்சம் அடிக்கிறது என்றே சொல்வேன். சொல்லின் உயிர் முன்பாதியில் இருக்கிறது. அங்கே முதலில் வருவது 'பயன்படுத்துவது', அதாவது எடுப்பது. 'காப்பது' அங்கே இல்லை. இயற்கையைத் தொடாமல் வேலி போட்டு வைப்பதற்கு இந்தச் சொல்லில் இடமில்லை. எடுக்க வேண்டும், எடுக்கும் முறையில்தான் காப்பு இருக்கிறது.

விலாங்கு மீனைப் பார்த்தால் இது விளங்கும். மிக்மாக் மொழியில் அதன் பெயர் காத். குளிர்காலத்தில் துறைமுகங்கள் உறைந்து கிடக்கும்போது பனிக்கட்டியில் துளையிட்டு, கீழே சேற்றுக்குள் சுருண்டு கிடக்கும் விலாங்கைப் பல முனைகள் கொண்ட ஈட்டியால் துழாவிக் குத்தி எடுப்பார்கள். மீன் கண்ணுக்குத் தெரியாது. சேற்றில் ஈட்டி இறங்கும்போது கையில் உணரும் அதிர்வே குறி. பிடித்ததை வீட்டோடு வைத்துக்கொள்வதும் வழக்கமில்லை. முதியவர்களுக்கும் கடலுக்குப் போக முடியாதவர்களுக்கும் பங்கு போகும். உரித்த தோலைக் காயவைத்து, சுளுக்கிய கையிலும் காலிலும் சுற்றிக் கட்டுவார்கள். நடுக்குளிரில் அபுக்னஜிட் என்றொரு சடங்கு உண்டு: இருட்டிய பிறகு பழைய மரக்கட்டை ஒன்றின்மேல் உணவு வைத்துக் குளிர்காலத்தின் ஆவிக்குப் படைப்பது. அங்கே விலாங்கின் தலையும் தோலும் வைக்கப்பட்டதுண்டு. உணவு, மருந்து, பங்கீடு, படையல் நான்கும் நெடுகுலிம்க் என்ற ஒரே செயலின் உறுப்புகள். அறத்தைத் தனியே எடுத்துப் பேசும் தேவை அங்கே எழவில்லை.

எடுப்பதே காப்பாகிவிடும் இடமும் உண்டு. கேப் பிரெட்டனின் மேட்டு நிலத்தில் மூஸ் என்னும் பெரிய மான் இனம் ஒரு காலத்தில் அற்றுப்போனது. 1940-களின் இறுதியில் மேற்குக் கனடாவின் ஆல்பெர்ட்டாவிலிருந்து 18 மூஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பின்னால் ஒரு புழுத் தாக்குதலில் முதிர்ந்த ஊசியிலை மரங்கள் பட்டுப்போக, முளைத்துவந்த இளமரங்கள் மூஸ்களுக்கு விருந்தாயின. மூஸ் பெருகியது, காடு திரும்ப எழ முடியாமல் தேசியப் பூங்காவின் பல இடங்கள் புல்வெளியாயின. 2015-இல் பூங்கா நிர்வாகமும் மிக்மாக் மக்களும் சேர்ந்து வடக்கு மலைப் பகுதியில் வேட்டையைத் தொடங்கினார்கள். தேசியப் பூங்காவுக்குள் வேட்டையா என்று பலர் கொதித்தார்கள். நெடுகுலிம்க்கின் கண்ணால் பார்த்தால் கொதிக்க ஒன்றுமில்லை: காட்டுக்கும் மானுக்கும் உள்ள கணக்கு தப்பியிருந்தது, இறைச்சி ஊருக்குத் தேவை.

ஆனால் கணக்கை யார் பார்ப்பது? எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்ல வாய் யாருக்கு இருக்கிறது? சொல் விளக்கம் இந்த இடத்தில் அரசியலுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும்.

மிக்மாகி ஏழு வட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சகமாவ், அதாவது தலைவர். குடும்பங்களுக்கு வேட்டை நிலங்களைப் பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்புகளில் ஒன்று என்று 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லா வட்டங்களுக்கும் மேலே சாந்தே மவியோமி என்னும் பேரவை இருந்தது; இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் புனித அன்னாள் திருவிழாவை ஒட்டி, கேப் பிரெட்டனின் சாப்பல் தீவில் அது கூடுகிறது. கனடா அரசின் 1876 இந்தியர் சட்டம் இந்த அமைப்பைப் பார்க்கவே மறுத்து, ஒவ்வொரு குடியிருப்புக்கும் தேர்தல் மூலம் ஒரு மன்றம் என்ற ஏற்பாட்டைத் திணித்தது. அளவு சொல்லும் அதிகாரம் ஒட்டாவாவிலும் மாகாணத் தலைநகரிலும் உள்ள அலுவலகங்களுக்குப் போனது. சொல் ஊரில் இருந்தது, அதிகாரம் ஊரில் இல்லை.

பறிபோனதை அவர்கள் கேட்டது உடன்படிக்கைகளைக் காட்டி. பிரிட்டிஷ் அரசுடன் 1725 முதல் 1779 வரை செய்துகொண்ட அமைதி, நட்பு உடன்படிக்கைகள் எவற்றிலும் மிக்மாக் மக்கள் நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லை. 1927-இல் பேரவையின் தலைவரான கேப்ரியல் சிலிபாய், பருவம் தப்பிய காலத்தில் மஸ்க்ரட் என்னும் நீரெலியின் தோல்களை வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். 1752 உடன்படிக்கையை அவர் காட்டினார். இவர்களுக்கு உடன்படிக்கை செய்யும் தகுதியே கிடையாது என்று நீதிபதி தள்ளிவிட்டார். அந்தத் தீர்ப்பின் அடித்தளத்தை உச்ச நீதிமன்றம் 1985-இல் தகர்த்தது. மாகாண அரசு சிலிபாய்க்கு 2017-இல் மன்னிப்பு வழங்கியபோது அவர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்து வந்தது அதே விலாங்கு. 1993 ஆகஸ்டில் டொனால்ட் மார்ஷல் இளையவர் பாம்கெட் துறையில் 463 ராத்தல் விலாங்கு பிடித்து 787 டாலர் 10 சென்டுக்கு விற்றார். செய்யாத கொலைக்காக 11 ஆண்டு சிறையில் கழித்து விடுதலையானவர் அவர். அவருடைய தந்தை பேரவையின் தலைவராக இருந்தவர். உரிமம் இல்லை, தடைக்காலம், சட்டத்துக்குப் புறம்பான வலை என்று வழக்கு. 1999 செப்டம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசின் வணிகக் கூடங்களில் மட்டுமே பண்டம் விற்போம் என்று 1760-இல் மிக்மாக் மக்கள் கொடுத்த வாக்குக்குள், மீனும் தோலும் பிடித்துவந்து விற்றுத் தேவைகளைப் பெறும் உரிமை உள்ளடங்கியிருக்கிறது என்றது தீர்ப்பு. அந்த உரிமைக்கு நீதிமன்றம் வைத்த அளவு 'மிதமான வாழ்வாதாரம்': உணவு, உடை, வீடு, அதற்கு மேல் சில வசதிகள்; செல்வம் சேர்ப்பதற்கு அன்று. இரு மாதம் கழித்து, வளங்காப்புக்காக அரசு இதைக் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு விளக்கமும் சேர்ந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் 'மிதமான வாழ்வாதாரம்' நெடுகுலிம்க்கின் ஆங்கிலச் சட்ட வடிவம் போலத் தோன்றும். அப்படி எழுதுவோரும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நீதிமன்றத்தின் மிதம் வருமானத்தில் வைத்த உச்சவரம்பு, வெளியிலிருந்து விதிக்கப்படுவது. நெடுகுலிம்க்கின் அளவு அந்த ஆண்டு ஆறும் கடலும் காடும் இருக்கும் நிலையிலிருந்தும் பங்கு கேட்கும் வாய்களின் எண்ணிக்கையிலிருந்தும் பிறப்பது. அதை அருகிலிருந்து பார்க்கிறவர்கள்தான் சொல்ல முடியும். தன்னாட்சிக் கோரிக்கை இந்தச் சொல்லோடு பிறகு சேர்க்கப்பட்டதன்று, சொல்லிலேயே அடங்கியது.

தீர்ப்பு வந்து 21 ஆண்டுகள் முடிந்த அதே நாளில், 2020 செப்டம்பர் 17-இல், சிபெக்னேகாட்டிக் என்னும் மிக்மாக் சமூகம் சோல்னியர்வில் துறையில் தானே உரிமம் எழுதி சிங்கி இறால் பிடிக்கப் படகுகளை அனுப்பியது. உரிமம் ஒன்றுக்கு 50 கூடுகள். அந்தக் கடற்பகுதியில் வணிகப் படகு ஒன்று 350-க்கு மேற்பட்ட கூடுகள் போடலாம். பருவம் அல்லாத காலத்தில் பிடித்தால் இறால் வளம் அழியும் என்று வணிக மீனவர்கள் எதிர்த்தார்கள். அக்டோபரில் மிக்மாக் மக்களின் இறால் வைத்திருந்த கிடங்கு ஒன்று எரிந்து சாம்பலானது. இரு தரப்பும் வளங்காப்பு என்ற பெயரில்தான் பேசின. பூசல் அளவு பற்றியது போலத் தெரிந்தாலும், அளவுகோல் யார் கையில் என்பதே அதன் உள்ளடக்கம்.

இனித் தமிழுக்கு வருவோம். 'வேட்டை' குறுகியது. 'வாழ்வாதாரம்' செயலைச் சொல்லாமல் அதற்கான மூலத்தைச் சொல்கிறது. மேலும் அதை நீதிமன்றத் தொடருக்கு ஒதுக்கிவிட்டோம். 'வளங்குன்றாமை' விளைவை மட்டும் காட்டுகிறது. எடுக்கும் கை அதில் இல்லை. 'தேட்டம்' எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் 'தேடிய தேட்டம்' என்பது சம்பாதித்துச் சேர்த்த சொத்து. சேர்த்துவைப்பது நெடுகுலிம்க்குக்கு நேர் எதிர். 'தேடல்' என்றால் இன்று பாதிப் பேருக்குக் கூகுளும் மீதிப் பேருக்கு ஆன்மிகமும் நினைவுக்கு வரும்.

நான் முன்வைப்பது 'பாடு'. கடற்கரையில் மீன்பாடு என்றால் கிடைத்த மீன். வயிற்றுப்பாடு என்றால் பிழைப்பு. பாடுபடுவது உழைப்பு. பின்னொட்டாக வரும்போது கட்டுப்பாடு, வழிபாடு, பண்பாடு என்று நெறியையும் படையலையும் வாழ்முறையையும் தொட்டுவிடுகிறது. விலாங்கைப் பற்றி மேலே சொன்ன எல்லாம் இந்த ஒரு சொல்லின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. தனியே நின்றால் 'துன்பம்' என்ற பொருளும் எட்டிப் பார்க்கும் என்பதால் முன்னால் ஓர் அடை தேவை: 'அளவறிந்த பாடு'.

சட்டம், உடன்படிக்கை, நிறுவனப் பெயர் ஆகிய இடங்களில் மூலச் சொல்லையே வைத்து முதல் முறை மட்டும் விளக்கம் சேர்க்கலாம்: 'நெடுகுலிம்க் எனப்படும் அளவறிந்த பாட்டின்படி மூஸ் வேட்டை நெறிகள் வகுக்கப்பட்டன.' கட்டுரையிலும் செய்தியிலும் தமிழ்த் தொடரே போதும். வேற்றுமை ஏற்கும்போது 'பாட்டை', 'பாட்டுக்கு' என்று வருவதால் இசைப்பாட்டோடு குழம்ப வாய்ப்புண்டு; 'அளவறிந்த' என்ற அடையை எங்கும் விடாமல் எழுதினால் அந்தக் குழப்பம் வராது. 'செவ்விந்தியர்' என்ற சொல்லை மட்டும் இதன் அருகில் கொண்டுவர வேண்டாம். மிக்மாக் மக்கள் என்றோ கனடாவின் முதற்குடிகள் என்றோ எழுதலாம்.