எண்ணெய் துடைத்த துணியை எங்கே போட்டீர்கள்?

மறுபடியும் ஒரு ஓவிய வகுப்பு, மறுபடியும் ராத்திரியில் புகைந்த குப்பைக்கூடை. காலையில் அதே விளக்கம்தான்: "யாராவது சிகரெட்டைப் போட்டிருப்பாங்க, இல்லேன்னா ஷார்ட் சர்க்யூட்." கூடைக்குள் என்ன கிடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆயில் கலரோடு கலக்கும் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த பனியன் வேஸ்ட் துணி!

"நெருப்பே வைக்காம துணி எப்படிங்க எரியும்?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆயில் கலரைக் கரைக்கும் டர்ப்பன்டைன் என்றால் பயப்படுகிறவர்கள், லின்சீட் ஆயிலைச் சமையல் எண்ணெயோடு சேர்த்துவிடுகிறார்கள். ஆளிவிதையில் ஆட்டியதுதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பு. தேங்காயெண்ணெயைத் தட்டில் ஊற்றி ஒரு மாதம் வையுங்கள், பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஆளிவிதை எண்ணெய் ஆடை கட்டி இறுகிவிடும். அது தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது, அந்த நேரத்தில் அதன் எடையும் அதிகமாகும். கூடவே சூட்டையும் கக்கும்.

அப்படியானால் கேன்வாஸ் ஏன் எரிவதில்லை? மெல்லிய பூச்சு, விரிந்த பரப்பு. வருகிற சூடு வந்த வேகத்தில் காற்றோடு போய்விடுகிறது. அதே எண்ணெயைத் துணியில் துடைத்து, உருண்டையாகக் கசக்கி, பத்துத் துணிக்கு அடியில் திணித்தால் நிலைமை வேறு. இழைக்கு இழை எண்ணெய், நடுவில் தேவையான அளவு காற்று, சூடு வெளியேற மட்டும் வழியில்லை. சூடு ஏற ஏற எண்ணெய் இறுகும் வேகமும் ஏறும். சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். நீங்கள் பூட்டிவிட்டுப் போய்த் தூங்கும் நேரம் அது. டிஷ்யூ, நியூஸ்பேப்பர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

குப்பைக்கூடைத் தீதானே என்பவர்களுக்கு: 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில், 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவின் 22ஆவது மாடியில் பிடித்த தீ, மரவேலைக்காரர்கள் விட்டுப்போன லின்சீட் ஆயில் துணிகளில்தான் தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 30ஆவது மாடியில் தண்ணீர் தெளிப்பான்கள் இருந்ததால் அங்கே அடங்கியது.

வால்நட், பாப்பி எண்ணெய்களும் இப்படிக் காய்பவைதான், கொஞ்சம் மெதுவாக. ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று 'பாயில்ட்' லின்சீட் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீக்கிரம் காய்வதற்கான உலர்த்திகள் அதில் கலந்திருக்கும், சூடும் சீக்கிரமே ஏறும். படத்தையும் அது பழுப்பாக்கும் என்பது வேறு விஷயம்.

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். மூடி இறுக்கமாக இருக்கும் தகர டின் ஒன்றில் பாதிவரை தண்ணீர் ஊற்றி படம் வரையும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். துடைத்த துணி அதற்குள்ளேயே போகட்டும், முழுக்க மூழ்கட்டும். டின் இல்லையா? வகுப்பு முடிந்ததும் துணிகளை வெளியே கொண்டுபோய்க் கொடியில் ஒற்றை மடிப்பாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்துப் போடுங்கள். அட்டை போல விறைத்த பிறகுதான் குப்பைக்குப் போகலாம். ஒன்றிரண்டு நாளாவது ஆகும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

கூடையைத் தொட்டால் சூடாக இருக்கிறதா, காறல் வாடை வருகிறதா? துணியைக் கிளறிப் பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே காற்றுப் புகுந்தால் குப்பென்று பிடிக்கும். இருந்த இடத்திலேயே தண்ணீரை ஊற்றி நன்றாக நனையுங்கள். தீ பிடித்துப் பரவத் தொடங்கிவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101க்கு அடியுங்கள்.

டர்ப்பன்டைனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 35 டிகிரி வாக்கிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். மே மாத மதியத்தில் உங்கள் மொட்டைமாடிக் கொட்டகை அதைத் தாண்டிவிடும். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படரும், ஆகவே வகுப்பறையில் குத்துவிளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம். பிரஷ் கழுவிய டர்ப்பன்டைனை சிங்கில் கொட்டாதீர்கள். மூடி ஒரு ராத்திரி வையுங்கள், நிறமி அடியில் படியும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். காசும் மிச்சம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆயில் கலர்தான் வேண்டும் என்று வகுப்பில் வந்து அடம்பிடிக்காதீர்கள். முனை கூர்மையாக வரட்டும் என்று பிரஷ்ஷை வாயில் வைப்பது அந்த வயதுப் பழக்கம். சில ஆயில் கலர் டியூப்களில் காட்மியமும் காரீயமும் இருக்கின்றன. பிள்ளைக்கு இப்போதைக்குப் போஸ்டர் கலர் போதும்.