கோயில் செக்யூரிட்டி கிராண்ட்: அப்ளை பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

அமெரிக்கால கோயில் கமிட்டில இருக்கவங்களுக்காக எழுதுறேன். ஃபீமா (அமெரிக்க மத்திய அரசோட பேரிடர் ஏஜென்சி) குடுக்கற நான்ப்ராஃபிட் செக்யூரிட்டி கிராண்ட், அதாவது லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கான பாதுகாப்பு நிதி, கோயில், சர்ச், மசூதி, சினகாக் (யூதர் கோயில்) எல்லாருக்கும் உண்டு, கேமரா, கேட், வேலி, காண்ட்ராக்ட் காவலர் செலவுன்னு போடலாம். 2025க்கு ஒதுக்கினது 27 கோடி டாலர் சொச்சம், ஒரு இடத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் டாலர். இவ்ளோ தெரிஞ்சா போதும், சிக்கல் எல்லாம் இதுக்கப்புறம்தான்.

முதல்ல, பணம் முன்கூட்டி கைக்கு வரும்னு நினைக்காதீங்க. பொதுவா நீங்க செலவு பண்ணி பில் காட்டுனாதான் திருப்பித் தருவாங்க. 2025 மார்ச்ல ரிவ்யூன்னு சொல்லி அந்தப் பணத்தையும் நிறுத்தி வச்சாங்க, முறைப்படி அவார்டு (கிராண்ட் கிடைச்சாச்சுங்கற உத்தரவு) வாங்கி உண்டியல் காசுல வேலைய முடிச்சவங்க பாடு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அதனால பணம் லேட்டானாலும் கோயில் செலவு ஓடுமான்னு பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க.

அடுத்தது இதவிட மோசம். அவார்டு லெட்டர் வந்துருச்சேன்னு உடனே ட்ரில் எடுத்துறாதீங்க. சுவத்துல ஓட்டை போடணும், மண்ணைத் தோண்டணும்னா சுற்றுச்சூழல், பழங்கால கட்டட ரிவ்யூ முடிஞ்சு அப்ரூவல் வரணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு கோயில்ல திருவிழாவுக்குள்ள முடிச்சிரலாம்னு வாசல்லயும் பார்க்கிங்லயும் கேமராவ மாட்டிட்டாங்க, பில் இருக்கு, ஃபோட்டோ இருக்கு, கேமராவும் ஓடுது, ஆனா அப்ரூவல் தேதி பில் தேதிக்கு அப்புறம்னு ஒரு டாலர் கூட தரல. பக்தர்கள் குடுத்த காசுங்க அது. இதை முன்னாடியே ஒரு வரி சொல்றதுக்கு கிராண்ட் குடுக்கற ஆபீஸ்ல ஒருத்தருக்கும் நேரமில்லையா?

ஃபீமாகிட்ட நேரா அப்ளை பண்ண முடியாது, உங்க மாநில ஏஜென்சி வழியாத்தான் போகணும், ஃபீமாக்கு ஃபோன் போட்டா மாநிலத்தக் கேளுன்னுதான் சொல்லுவாங்க. மாநிலத்துக்குத் தனி டெட்லைன், அது எப்பவும் முந்திக்கும். 2025ல ஜூலை கடைசில அறிவிப்பு, ஆகஸ்ட் நடுவுல எல்லாம் முடிஞ்சுபோச்சு, அந்த இடைவெளில புதுசா ஆரம்பிச்சு யாராலயும் முடிக்க முடியாது. அதனால கோயிலுக்கு என்ன ஆபத்து, எந்த வாசல் பலவீனம்னு காட்டற அசெஸ்மென்ட்ட இப்பவே எழுதி வைங்க. லோக்கல் போலீஸ்கிட்ட கேட்டா பல ஊர்ல ஃப்ரீயா வந்து பாத்துக் குடுப்பாங்க.

அப்ளை பண்ண யூஈஐ நம்பர் (அமைப்புக்கு அரசு குடுக்கற அடையாள எண்) வேணும், அது சாம் டாட் கவ் (SAM.gov) அரசு சைட்ல இலவசம். காசு கேக்கற சைட் எல்லாம் இடைத்தரகர். உங்களுக்கு அந்த நம்பர் மட்டும் போதும், முழு ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்ல, அதுல உக்காந்து நாளை வீணாக்காதீங்க. கோயிலோட சட்டப்படியான பேரும் அட்ரஸும் எல்லாப் பேப்பர்லயும் எழுத்து மாறாம ஒரே மாதிரி இருக்கட்டும், பிஓ பாக்ஸ் போடாதீங்க.

"அப்ளிகேஷன நானே ஃப்ரீயா எழுதித் தரேன், வேலைய எனக்கே குடுங்க"ன்னு கேமரா வெண்டார் வருவார். என்ன வாங்கணும்னு ஸ்பெக் (விவரக் குறிப்பு) எழுதுனவரே அந்த வேலைக்கு கொட்டேஷன் குடுக்கக் கூடாதுன்னு ஃபெடரல் ரூல் இருக்கு, பின்னாடி ஆடிட்ல அந்தச் செலவையே தள்ளிருவாங்க, அப்போ பதில் சொல்லப் போறது வெண்டார் இல்ல, கமிட்டிதான்.