கார்டு கெடவில்லை, அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை

போன வாரம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியாரும் அவர் பேரனும் கடைக்கு வந்தார்கள். பேரன் கையில் ஒரு புது மியூசிக் பிளேயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பாட்டும் கேட்கலாம், ரெக்கார்டும் செய்யலாம். வாத்தியாருக்கு 76 வயது. உட்காரக்கூட இல்லை. “இன்னா தம்பி, பத்து ராத்திரியும் பூட்ச்சா?” என்றார்.

அவர்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் பத்து ராத்திரி கூத்து. பேரன் பத்தையும் அந்தப் பிளேயரில் பதிவு செய்திருக்கிறான். ஒரு ராத்திரிக்கு எட்டு மணி நேரம். சுருக்காத வேவ் ஃபைல் என்பதால் ராத்திரிக்கு 5 ஜிபி, ஆக மொத்தம் 50 ஜிபி. 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் அடங்கிவிட்டது. ஊர் மைக் செட்காரரிடம் இருப்பது சிடி பிளேயர். சிடி எழுதத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறான். அங்கே இருந்தது ஒரு பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. பிளேயரைச் செருகியதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி: ‘இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?’ கடைக்காரர் ‘எஸ்’ அமுக்கிவிட்டார்.

இந்த வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது. பொங்கல் சமயத்தில் குடியாத்தத்திலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் வந்தார். மாசியில் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு டீச்சர், போய்ச்சேர்ந்த அம்மா பாடிய தாலாட்டுகளோடு. மூன்று பேருக்கும் அதே பெட்டி, அதே ‘எஸ்’. வேலூரில் 20 வருஷத்துக்கும் மேலாக இந்த ரிப்பேர் வேலையில் இருக்கிறேன். இதை எழுதாமல் இனி இருக்க முடியாது.

அந்தப் பெட்டி சொல்வது பொய். எக்ஸ்பி வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில்தான் ஃபார்மட் ஆகி வருகின்றன. எக்ஸ்பி 2001-ல் வந்தது, அப்போது எக்ஸ்ஃபேட் என்ற ஒன்றே கிடையாது. தெரியாத எழுத்தில் எழுதிய நோட்டை ஒருவரிடம் கொடுத்தால் ‘எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்பார். எக்ஸ்பிக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. ‘இது வெறும் நோட்டு, கோடு போட்டுத் தரட்டுமா?’ என்று கேட்கும். நீங்கள் சரி என்கிறீர்கள்.

‘கார்டு கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் பண்ணா சரியாயிடும்.’ இதை யார் ஊரெல்லாம் பரப்பினார்களோ, எனக்கு வருகிற கோபம் கொஞ்சமில்லை. ஃபார்மட் என்பது வைத்தியம் இல்லை. உள்ளே இருப்பது இனி வேண்டாம் என்று முடிவு செய்தபின் செய்கிற காரியம் அது. படிக்க முடியாத கார்டில் மூன்றில் இரண்டு என் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் திறக்கிறது. ஒன்றுமே ஆகவில்லை. போட்ட இடம்தான் தப்பு. வந்த பிளேயரிலேயே பாட்டு ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். ஓடினால் கார்டு நன்றாக இருக்கிறது. அதற்குமேல் எந்தக் கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வாத்தியார் கார்டில் நடந்தது இன்னும் மோசம். 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்ய எக்ஸ்பிக்கு வராது. அதனால் அது பாதியில் நின்று, ‘ஃபார்மட்டை முடிக்க முடியவில்லை’ என்றது. ‘பாத்தியா, கார்டு அவுட்டு’ என்று கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டார். பையன் அதைப் பிளேயரில் போட்டான். பிளேயர் ‘கார்டில் பிழை, ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டது. அதற்கும் சரி என்றான். கார்டு வேலை செய்கிறதே என்ற சந்தோஷத்தில், மறுநாள் பக்கத்து ஊர்க் கூத்தையும் அதிலேயே பதிவு செய்தான். அழிந்ததைக்கூட மீட்கலாம், அதன்மேல் வேறொன்றை எழுதிவிட்டால் யாராலும் மீட்க முடியாது.

ஃபார்மட் கேட்கும் தொல்லை மட்டும் இல்லை. ‘பிளேயர் கம்ப்யூட்டர்ல காட்டவே மாட்டேங்குது’ என்று வருகிறவர்களில் பாதிப்பேர் கொண்டுவரும் வயரில் டேட்டா கம்பியே இருக்காது. பவர் பேங்கோடு வந்த சார்ஜிங் வயர் அது. சார்ஜ் ஏறும், வேறெதுவும் நடக்காது. இன்னும் சிலருடைய பிளேயரில் யுஎஸ்பி செட்டிங் ‘டேக்’ (DAC) என்று இருக்கும். அப்போது கம்ப்யூட்டர் அதை ஸ்பீக்கராகத்தான் பார்க்கும், மெமரியாகப் பார்க்காது. செட்டிங்கில் ‘ஸ்டோரேஜ்’ என்று மாற்றினால் தெரியும். உங்கள் பிளேயரில் ‘எம்டிபி’ (MTP) என்று ஒரு தேர்வு இருந்தால் அது பெரிய வரம். அதில் கார்டைப் படிக்கும் வேலையைப் பிளேயரே பார்த்துக்கொள்ளும், கம்ப்யூட்டருக்கு எக்ஸ்ஃபேட் தெரிய வேண்டியதில்லை. எக்ஸ்பியில் விண்டோஸ் மீடியா பிளேயர் 10 அல்லது 11 இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அப்டேட் ஒன்று 2009-லேயே வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதைப் போட்டுவையுங்கள்.

வேகம் இன்னொரு கதை. 2002-க்கு முந்தைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் யுஎஸ்பி 1.1 தான். நொடிக்கு 12 மெகாபிட் என்று சொன்னாலும் கைக்கு வருவது ஏறக்குறைய 1 எம்பி. 2001-ல் வந்த முதல் ஐபாடில் யுஎஸ்பியே வைக்காமல் ஃபயர்வயர் என்ற வேறு இணைப்பை வைத்ததற்குக் காரணம் இந்த வேகம்தான். அந்தப் பழைய யுஎஸ்பி போர்ட்டில் ஒரு ராத்திரிக் கூத்தை மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும், 50 ஜிபிக்கு 14 மணி நேரம். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று வயரைப் பிடுங்குகிறார்கள். ஹேங் ஆகவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. இந்தப் பொருள் இன்னும் வேகமாக ஓடும் என்று மூலையில் ஒரு மஞ்சள் குமிழி வந்தால், உங்கள் போர்ட் பழசு என்று புரிந்துகொண்டு காத்திருங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டில் செருகும் ஒரு யுஎஸ்பி 2.0 பிசிஐ கார்டு வாங்கிப் போடுங்கள்.

புதுப் பிளேயரைக் கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டில் செருகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பழைய கேபினெட்டுகளில் முன்பக்க யுஎஸ்பிக்கு நாலு ஒயரும் தனித்தனியாக வரும். அசெம்பிள் செய்தவர் ஒன்றை மாற்றிச் செருகியிருந்தால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிவிடும். செருகிய நொடியில் ஒரு கருகல் வாசனை, அதோடு முடிந்தது. பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைத்து வருவதால் அந்தப் பயமில்லை. தெரியாத கம்ப்யூட்டர் எதுவானாலும் நான் முதலில் மீட்டர் வைத்து 5 வோல்ட் வருகிறதா, எந்தப் பக்கம் வருகிறது என்று பார்ப்பேன். மீட்டர் இல்லாதவர்கள் ஒரு பழைய மவுஸைச் செருகிப் பாருங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் பிளேயரை ஒரு பக்கம் கம்ப்யூட்டரிலும் மறுபக்கம் ஆம்ப்ளிஃபயரிலும் சேர்த்து மாட்டவே கூடாது. கசிகிற கரன்ட்டுக்கு உங்கள் பிளேயர்தான் வழியாகும். அதேபோல், டைப்-சி வயர் நல்ல கம்பெனியுடையதாக வாங்குங்கள். மலிவு வயர்களில் உள்ளே 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் போட்டுவிடுகிறார்கள். எவ்வளவு கரன்ட் இழுக்கலாம் என்று பிளேயருக்குச் சொல்வது அந்த ரெசிஸ்டர்தான். 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய பழைய போர்ட்டிடம் பிளேயர் 3 ஆம்பியர் இருக்கிறதென்று நம்பி இழுக்கும்.

வெளிக் கம்ப்யூட்டரில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். மைக்ரோ எஸ்டி கார்டில் சின்னப் பூட்டு கிடையாது, அதைச் செருகும் எஸ்டி அடாப்டரில் இருக்கும். அதை ‘லாக்’ பக்கம் தள்ளி, அடாப்டரோடு ரீடரில் கொடுங்கள். முடிந்தவரை சிடி எழுதத் தேவையான ஃபைலை மட்டும் 8 ஜிபி பென்டிரைவில் ஃபேட்32 ஆகப் போட்டுக் கொண்டுபோங்கள், எக்ஸ்பி அதைத் தகராறில்லாமல் படிக்கும். திரும்பி வந்த பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக நின்றால் அது வைரஸ் வேலை. பாட்டு அழியவில்லை, மறைந்திருக்கிறது. அப்போதும் ஃபார்மட் வேண்டாம்.

ஏற்கெனவே ‘எஸ்’ அமுக்கிவிட்டீர்களா? சரி, அதோடு நிறுத்துங்கள். டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன் என்று ஒரு நிமிஷம்கூடப் பதிவு செய்யாதீர்கள். கார்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளே பெரும்பாலும் போதும். மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல.

வாத்தியார் கார்டில் 30 ஃபைல் இருந்தது, 27 கிடைத்தது. ஆனால் பெயர், தேதி எதுவும் இல்லை, வெறும் எண்கள். எது எந்த ராத்திரி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஹெட்போனை வாத்தியார் காதில் மாட்டி ஒவ்வொன்றாக ஓட்டினேன். முகவீணை இரண்டு இழுப்பு இழுத்ததுமே, “இது கர்ணன் வுழற ராத்திரி, நாலு மணி இருக்கும்” என்றார். அடுத்ததற்கு, “தபசு மரம் ஏறப்போறதுக்கு முந்தி. மிருதங்கக்காரன் தூங்கி வழியறான் பாரு.” சாயங்காலத்துக்குள் 27 ஃபைலுக்கும் பெயர் எழுதிவிட்டோம்.

கிடைக்காத மூன்றும் முதல் ராத்திரியுடையவை. கார்டின் தொடக்கத்தில் இருந்தது அதுதான், பக்கத்து ஊர்க் கூத்து போய் உட்கார்ந்ததும் அங்கேதான். அந்த ஒரு ராத்திரி மட்டும்தான் வாத்தியாரே வேஷம் கட்டினாராம். யாராவது போனில் எடுத்திருப்பார்களா என்று பேரன் ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.